வீட்டு நர்சிங் ஆப்பில் மொத்தமாகப் பணம் கட்டாதீர்கள்: 40,000 போச்சு

கோபத்தில் எழுதுகிறேன், எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பக்கவாதம் வந்த அப்பாவை டிஸ்சார்ஜ் செய்ததும், வீட்டுக்கே ஆள் அனுப்பும் ஒரு ஆப்பில் ஒரு மாதத்துக்கு 40,000 முன்பணம் கட்டினேன். கட்டவைத்தது அவர்களுடைய ஒருங்கிணைப்பாளரின் பேச்சு. அப்பா எப்போது தூங்குவார், எந்தப் பக்கம் வலிக்கும், யார் சொன்னால் கேட்பார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். மருத்துவமனையில்கூட யாரும் இதையெல்லாம் கேட்கவில்லை. "எங்க வசதிக்கு இல்ல சார், நோயாளியோட தேவைக்குத்தான் எங்க சேவை" என்றார். அந்தப் பேச்சுக்குத்தான் 40,000.

வந்தது? நாளுக்கு ஒரு புது ஆள். அந்தக் குறிப்பை யாரும் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. மூக்குக் குழாய் வழியாக உணவு கொடுக்கும்போது தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் உணவு நுரையீரலுக்குள் போகும் ஆபத்து உண்டு. ஒருவர் மல்லாக்கப் படுக்கவைத்தே ஊற்றப் போனார், பாய்ந்து தடுத்தேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்கச் சொன்னால், பகல் ஆள் "அதை நைட்ல பாத்துக்குவாங்க" என்பார், இரவு ஆள் "பகல்லயே பண்ணிருப்பாங்களே" என்பார். இடுப்புக்குக் கீழே சிவந்துவிட்டது. விரலால் அழுத்தினாலும் சிவப்பு மறையவில்லை. படுக்கைப்புண்ணின் தொடக்கம் அதுதான். நர்ஸ் தனி, பிசியோ தனி, அட்டெண்டர் தனி. அப்பாவைப் பற்றி முழுசாகத் தெரிந்த ஒரே ஒரு ஆள் அங்கே கிடையாது.

மக்களை மையமாக வைத்துச் சுகாதார சேவைகளை மாற்றியமைக்கும் கட்டமைப்பை உலக சுகாதார சபை 2016-லேயே ஏற்றுக்கொண்டது. பிரிந்து கிடக்கும் சேவைகளை ஒருங்கிணைப்பது அதில் முக்கியமான அம்சம். இவர்கள் அதிலிருந்து விளம்பர வாசகத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள் போல.

புகார் கொடுத்தால் "டிக்கெட் போட்டாச்சு சார்". அப்புறம் "ஆள் அனுப்புறது வேற ஏஜென்சி, நாங்க வெறும் தளம்தான்". இனிக்க இனிக்கப் பேசிய அந்த ஒருங்கிணைப்பாளர் "வேற டீமுக்குப் போயிட்டாரு". பேக்கேஜ் தொடங்கிவிட்டதால் ரீஃபண்ட் கிடையாதாம். கடைசியில் அடுத்த மாதத்துக்குத் தள்ளுபடி கூப்பன் அனுப்பினார்கள். 40,000 பறிகொடுத்தவனுக்குக் கூப்பன்!

விரிவாக ஆலோசனை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், அப்பாவைத் திருப்பிப் படுக்கவைக்கும் நேரம் வந்துவிட்டது. சுருக்கமாகச் சொல்கிறேன். மொத்தமாகக் கட்டாதீர்கள், வாரக் கணக்கில் கேளுங்கள். பராமரிப்புத் திட்டத்தை எழுத்தில் வாங்கிக் கட்டிலுக்கு மேலே ஒட்டுங்கள். தவறு நடந்தால் பொறுப்பு யார் என்று ஒரு பெயரும் நம்பரும் வாங்குங்கள். "வெறும் தளம்" என்ற சமாளிப்பு விதிமுறைகளில் எங்காவது ஒளிந்திருக்கும், பணம் கட்டும் முன்பே தேடுங்கள். யார் வந்தாலும் இடுப்பையும் குதிகாலையும் தினமும் நீங்களே பாருங்கள்.