50 கிலோஹெர்ட்ஸ் ஃபோட்டோ எலாஸ்டிக் மாடுலேட்டர்: யார் வாங்கலாம், யார் வாங்கக் கூடாது

ஃபெம்டோ விநாடி (நொடியின் பத்துக் கோடி கோடியில் ஒரு பங்கு) லேசரை வைத்துக் காந்த உலோகங்களை ஆராய்பவர்கள், ஒளி அதிரும் விதத்தை விடாமல் மாற்றிக்கொண்டே இருக்கும் இந்தக் கருவியை வாங்கலாமா என்று கேட்டால், முதலில் உங்கள் லேசர் எது என்று கேட்பேன். நொடிக்கு 8 கோடி துடிப்புகள் தரும் டைட்டானியம் சஃபையர் ஆசிலேட்டர் என்றால் யோசிக்காமல் வாங்குங்கள். நொடிக்கு 1,000 துடிப்பு மட்டும் தரும் ஆம்ப்ளிஃபயர் என்றால் பணத்தை வீணாக்காதீர்கள். கருவி ஒருமுறை அதிர 20 மைக்ரோ விநாடி போதும். ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையில் அது 50 முறை அதிர்ந்து முடித்திருக்கும். அந்த அதிர்வைத் தொடர்ந்து பார்க்க ஒளியே இருக்காது. எங்களுக்கு வந்த விற்பனைத் தாளில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது எனக்கு இன்றும் ஆதங்கம்தான்.

உள்ளே இருப்பது எளிய அமைப்பு. உருக்கிய சிலிக்காக் கட்டை ஒன்று, அதோடு ஒட்டிய குவார்ட்ஸ் படிகம் ஒன்று. மின்னழுத்தம் கொடுத்தால் குவார்ட்ஸ் அதிர்ந்து சிலிக்காவை நொடிக்கு 50,000 முறை நெருக்கியும் இழுத்தும் விடும். நெருக்கப்படும் திசையில் அதிரும் ஒளிக்கும் அதற்குக் குறுக்கே அதிரும் ஒளிக்கும் வேகம் மாறுபடுவதால், ஊடுருவும் ஒளியின் முனைவாக்கமும் (ஒளி அலை அதிரும் திசையும் வடிவமும்) அதே தாளத்தில் மாறிக்கொண்டே இருக்கும். ஒரேகான் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜேம்ஸ் கெம்ப் 1969-இல் வெளியிட்ட யோசனை இது.

இதற்காக ஏன் இவ்வளவு செலவழிக்க வேண்டும்? காந்தமாக்கிய இரும்பு முனையில் பட்டுத் திரும்பும் ஒளியின் முனைவாக்கம் சற்றே திரும்புகிறது என்று ஜான் கெர் 1876-இல் கண்டார். நிக்கலில் அந்தத் திருப்பம் ஒரு டிகிரியின் சிறு பின்னம்தான். 1996-இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் போர்பேரும் பிகோவும் அவர்கள் குழுவினரும் 60 ஃபெம்டோ விநாடித் துடிப்பால் நிக்கல் படலத்தைத் தாக்கியபோது, ஒரு பிகோ விநாடிக்குள்ளேயே (ஆயிரம் ஃபெம்டோ விநாடி) அந்தத் திருப்பம் வெகுவாகக் குறைந்தது. காந்தம் அவ்வளவு விரைவாக வலுவிழக்கிறதா, அல்லது சூடேறிய எலக்ட்ரான்களால் உலோகத்தின் ஒளியியல் பண்பு மாறி நம்மை ஏமாற்றுகிறதா? 2000-இல் கோப்மன்ஸ் குழுவினர் இதை நேராகவே கேட்டார்கள். ஒளியின் சுழற்சியையும் (மேலே சொன்ன திருப்பம்) நீள்வட்டத்தன்மையையும் (நேர்கோட்டில் அதிர்ந்த ஒளி எவ்வளவு நீள்வட்டமாகிறது என்பது) தனித்தனியே அளந்து ஒப்பிட்டபோது, முதல் சில நூறு ஃபெம்டோ விநாடிகளில் இரண்டும் ஒன்றாக நடக்கவில்லை. அசல் காந்த மாற்றம் மட்டுமே என்றால் இரண்டும் ஒரே வளைகோட்டைத் தர வேண்டும்.

ஆகவே இந்தத் துறையில் இரண்டையும் அளக்காமல் எழுதும் முடிவை நான் நம்பமாட்டேன். முன்பு நாங்கள் ஒளியை இரு முனைவாக்கங்களாகப் பிரிக்கும் வொலாஸ்டன் பட்டகமும், அவற்றை ஒப்பிட இரட்டை ஒளி டயோடும் வைத்து அளந்தோம். சுழற்சியை எடுத்த பிறகு நீள்வட்டத்தன்மையைச் சுழற்சியாக மாற்றிக் காட்டும் கால்-அலைத் தகட்டைச் செருகி, நீள்வட்டத்தன்மைக்கு முழு ஸ்கேனையும் மறுபடி ஓட்ட வேண்டும். அதற்குள் லேசரின் திறன் நகர்ந்திருக்கும். இரண்டு வளைகோடுகளை ஒப்பிடுகிறோமா, இரண்டு வேளைகளை ஒப்பிடுகிறோமா என்பதே புரியாது. மாடுலேட்டர் வந்த பிறகு 50 கிலோஹெர்ட்ஸில் நீள்வட்டத்தன்மையும் 100 கிலோஹெர்ட்ஸில் சுழற்சியும் ஒரே ஸ்கேனில் கிடைக்கின்றன. குறிப்பிட்ட அதிர்வெண்ணில் வரும் சமிக்ஞையை மட்டும் பிரித்தெடுக்கும் லாக்-இன் ஆம்ப்ளிஃபயர்கள் இரண்டு பக்கத்தில் இருந்தால் போதும். கோபால்ட் படலத்தில் இரண்டு வளைகோடுகளும் தொடக்கத்தில் பிரிந்து பிறகு ஒன்றின்மேல் ஒன்றாகப் படிவதைத் திரையில் பார்த்தபோது, கொடுத்த பணத்துக்கு இது ஒன்றே போதும் என்று தோன்றியது.

குறைகளும் உண்டு. இயக்கியதும் கட்டை மெல்லச் சூடாகும், அதிர்வெண்ணும் கூடவே நகரும். அது நிலைப்படும்வரை எடுத்த எண்களைக் குறிப்பேட்டில் ஏற்றாதீர்கள்; குளிர்சாதனக் காற்று நேராகப் படும் இடத்திலும் வைக்காதீர்கள். அதிர்வின் வீச்சை 2.405 ரேடியனில் வைத்தால் சராசரி ஒளி அளவு முனைவாக்கத்தைச் சாராமல் நிற்கும். அளவீட்டுத் திருத்தம் அப்போதுதான் எளிது. ஆனால் 800 நானோமீட்டரிலிருந்து 400-க்கு மாறும் ஒவ்வொரு முறையும் கட்டுப்பாட்டுப் பெட்டியில் அலைநீளத்தை மாற்றியாக வேண்டும். சீரமைக்க ஹீலியம்-நியான் லேசரைப் பயன்படுத்துவோர் கட்டையைச் சற்றே சாய்த்து வையுங்கள். இரு முகங்களுக்கிடையே ஒளி எதிரொளித்துக் குறுக்கீடு செய்யும். 60 ஃபெம்டோ விநாடித் துடிப்பின் நீளம் 18 மைக்ரோமீட்டர்தான் என்பதால் அதற்கு இந்தத் தொல்லை கிடையாது. துடிப்பு விரிந்துவிடுமோ என்று பயப்படவும் வேண்டாம்: சில மில்லிமீட்டர் சிலிக்கா 60 ஃபெம்டோ விநாடித் துடிப்பை 800 நானோமீட்டரில் ஏறக்குறைய அப்படியே விட்டுவிடுகிறது. 30-க்குக் கீழே போகிறவர்கள் மட்டும் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

எதிரொளிப்புத் தடுப்புப் பூச்சைப் பற்றி ஆர்டர் கொடுக்கும் முன்பே பேசிவிடுங்கள். ஒரே அலைநீளத்துக்கான பூச்சுடன் வந்தால் நீல ஒளியில் நிறைய இழப்பீர்கள். 800, 400 இரண்டுக்கும் பூச்சு வேண்டும் என்று எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கிய பிறகே கையெழுத்திடுங்கள்.