‘உள்ளது உள்ளபடியே’ விற்கும் வீடு: மாமாவின் கண்ணா, இன்ஸ்பெக்டரின் கருவியா?

கோலாலம்பூரில் பழைய வீடு வாங்குகிறவர் கையெழுத்துப் போடும் ஒப்பந்தத்தில் ஒரு வரி அநேகமாகத் தவறாமல் இருக்கும்: வீடு இருக்கிற இடத்தில், இருக்கிற நிலையிலேயே விற்கப்படுகிறது. லோயர் அதை ஒரு மூச்சில் வாசித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். சாவி வாங்கிய மறுநாளே கூரை ஒழுகினாலும் அது உங்கள் கூரை, அதுதான் அந்த வரியின் பொருள். மேம்பாட்டு நிறுவனத்திடம் புது வீடு வாங்கினால் சாவி கொடுத்ததிலிருந்து 24 மாதங்களுக்குக் குறைபாடுகள் அவர்கள் பொறுப்பு. எழுதிக் கொடுத்தால் 30 நாளுக்குள் சரிசெய்ய வேண்டும், செய்யாவிட்டால் வீடு வாங்குவோர் தீர்ப்பாயம் இருக்கிறது. கைமாறி வரும் சப்சேல் வீட்டுக்கு இந்தக் காவல் கிடையாது. விற்றவர் தெரிந்தே மறைத்தார் என்று வாதாடலாம், ஆனால் அதை நிரூபிப்பது உங்கள் பாடு.

ஆகவே வாங்குவதற்கு முன்னால் வீட்டை யார் பார்க்கிறார் என்பது முக்கியமாகிவிடுகிறது. நம் ஆட்களிடம் நாலு வழி புழங்குகிறது. குடும்பத்தில் இருக்கும் கொன்ட்ராக்டர் மாமாவைக் கூட்டிப்போவது, காசு கொடுத்து வீட்டைச் சோதிக்கும் இன்ஸ்பெக்டர் வைப்பது, வீட்டின் மதிப்பைக் கணிக்கும் பேங்க் வேல்யூவர் பார்த்துவிட்டார் என்று நிம்மதியாக இருந்துவிடுவது, அப்புறம் லெலோங்கில், அதாவது ஏலத்தில், கண்ணை மூடிக்கொண்டு எடுப்பது.

வேல்யூவரை முதலில் தள்ளி வைத்துவிடலாம். அவர் வருவது வங்கிக்காக. கொடுத்த கடன் நின்றுபோனால் இந்த வீட்டை விற்று மீட்க முடியுமா என்பதே அவருக்கான கேள்வி. பக்கத்து வீடுகள் என்ன விலைக்குப் போயின, நிலம் எத்தனை சதுர அடி, ஃப்ரீஹோல்டா (நிரந்தர உரிமை) லீஸ்ஹோல்டா (குத்தகை) என்று பார்ப்பார், சில படங்கள் எடுப்பார். சீலிங்குக்கு மேலே தலையை நீட்ட மாட்டார். கட்டணம் நம் தலையில் விழுவதால் நமக்காக வந்தவர் மாதிரி தோன்றுகிறது, அவ்வளவுதான்.

மாமாவைக் குறைத்துச் சொல்ல மனம் வராது. செந்தூல், கெப்போங், செராஸ் பக்கத்து டெரஸ் வீடுகளிலேயே (வரிசையாக ஒட்டிக் கட்டியவை) காலத்தை ஓட்டியவர். கதவு நிலையை விரல் முட்டியால் தட்டிப் பார்த்து, சத்தத்தை வைத்தே உள்ளே கறையான் தின்றிருக்கிறதா என்று சொல்லிவிடுவார். சமையலறை கேபினட்டுக்குப் பின்னால் டார்ச் அடித்து மண்கோடு ஏறியிருக்கிறதா என்று முதலில் பார்ப்பதும் அவர்தான். இன்னொரு பெரிய பலம், விலை. இந்தப் பாத்ரூமைக் கொத்தி வாட்டர்புரூஃபிங் போட்டு மறுபடி டைல்ஸ் ஒட்ட எவ்வளவு ஆகும் என்பதை அங்கே நின்றபடியே சொல்வார். இன்ஸ்பெக்டர்கள் பலர் அந்தக் கணக்குக்குள் வருவதில்லை.

ஆனால் எதையும் சரிக்கட்டிவிடலாம் என்று நினைக்கிறவர் மாமா, அதுதானே அவர் தொழில். பின்பக்க எக்ஸ்டென்ஷனை எடுத்துக்கொள்வோம். இருபது முப்பது வருடப் பழைய டெரஸ் வீட்டில் சமையலறையைப் பெரும்பாலும் பின்னால் இழுத்துக் கட்டியிருப்பார்கள். மூல வீட்டுக்கு ஒரு அஸ்திவாரம், இழுத்துக் கட்டியதற்கு வேறு. பல இடங்களில் குட்டையான பாக்காவ் (சதுப்புநில மரம்) கட்டைகளை மண்ணில் அடித்து மேலே ஸ்லாப் போட்டிருப்பார்கள், சில இடங்களில் அதுகூட இருக்காது. கீழே மண் நிரப்பிய நிலமாகவோ பழைய ஈய லம்பமாகவோ (ஈயச் சுரங்க நிலம்) இருந்துவிட்டால் பின்பாதி தனியாக இறங்க ஆரம்பிக்கும். இரண்டும் சேரும் இடத்தில் சுவரில் நெட்டாக ஒரு விரிசல் விழும். அது மேலே அகலமாகவும் கீழே ஒடுங்கியும் இருந்தால், பின்கட்டு வீட்டை விட்டு வெளிப்பக்கமாகச் சாய்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். கிட்டப் போய்ப் பார்த்தால் விரிசலுக்குள் பழைய பூச்சு தெரியும், அதன் மேல் வேறு நிறத்தில் இன்னொரு பூச்சு, அதுவும் பிளந்திருக்கும். அடைத்த பிறகும் இறங்கிக்கொண்டே இருக்கிறது என்று அர்த்தம்.

இதைக் காட்டினால் மாமா சொல்வார்: “ஒண்ணுமில்ல தம்பி, எல்லா வீட்லயும் இருக்கிறதுதான். சிலிகோன் அடிச்சு பெயின்ட் பூசிட்டா தெரியாது.” தெரியாதுதான். விற்கிறவரும் அதைத்தானே செய்து வைத்திருக்கிறார்.

நல்ல இன்ஸ்பெக்டர் இதே இடத்தில் லேசர் லெவல் வைத்துத் தரை எந்தப் பக்கம் எத்தனை மில்லிமீட்டர் சரிந்திருக்கிறது என்று அளப்பார், விரிசலின் அகலத்தை அளவுகோலோடு படமெடுப்பார், நிலைமை மோசமென்றால் கட்டமைப்பு இன்ஜினியரைக் கூப்பிடச் சொல்லி எழுதியும் கொடுப்பார். எழுத்தில் இருப்பதை விற்கிறவர் முன்னால் நீட்டலாம், மாமா சொன்னார் என்பதை நீட்ட முடியாது. மாமா ஒன்றைத் தவறவிட்டால் தீபாவளிக்கு அவர் முகத்தைப் பார்க்க வேண்டும் என்பது தனிச் சங்கடம். எக்ஸ்டென்ஷனுக்கு டிபிகேஎல் (கோலாலம்பூர் மாநகராட்சி) ஒப்புதல் இருக்கிறதா, வரைபடம் எங்கே என்ற கேள்வியை மட்டும் நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். மாமா கேட்க மாட்டார், இன்ஸ்பெக்டரும் எல்லா நேரமும் கேட்பதில்லை.

இன்ஸ்பெக்டர் என்றதும் எல்லாம் தீர்ந்ததா என்றால் அதுவும் இல்லை. இங்கே இவர்களில் பலர் புது வீட்டுக்குக் குறைபாட்டுப் பட்டியல் போட்டே தொழில் கற்றவர்கள். அங்கே உள்ளே வெற்றிடமாய் ஒலிக்கும் டைல்களை ஒவ்வொன்றாய்த் தட்டி எண்ணுவதில் லாபம் உண்டு, சரிசெய்ய மேம்பாட்டு நிறுவனம் இருக்கிறது. பழைய வீட்டில் அந்தப் பட்டியலை யாரிடம் கொடுப்பது? பக்கம் பக்கமாக டைல், கீறல், பெயின்ட் திட்டு என்று நிரப்பி, கூரைச் சட்டத்தில் கறையான் இருப்பதை நடுவில் ஒரு வரியாகப் புதைத்துவிட்ட அறிக்கையால் உங்களுக்குப் பயன் குறைவு. ஆளை அமர்த்தும் முன்பே சப்சேல் வீடு என்று சொல்லுங்கள். கூரை, அஸ்திவாரம், வயரிங், குழாய், கறையான் என்ற ஐந்தும் முதல் பக்கத்தில் வர வேண்டும் என்று கேளுங்கள். சீலிங்கில் ஏறிப் பார்க்கத் திறப்பு இல்லாவிட்டால் ஒரு டவுன்லைட்டைக் கழற்றியாவது உள்ளே பார்ப்பாரா, பழைய சீலிங் பலகை அஸ்பெஸ்டாஸாக இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றுமா, டிபி பெட்டியில் (மின் விநியோகப் பெட்டி) வாட்டர் ஹீட்டருக்கு 10 மில்லியாம்பியர் ஆர்சிடி (மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் கருவி) இருக்கிறதா என்று பார்த்து டெஸ்ட் பொத்தானை அழுத்துவாரா என்றெல்லாம் விசாரியுங்கள். தெர்மல் கேமரா வைத்திருக்கிறேன் என்பதில் மட்டும் மயங்க வேண்டாம். அது காட்டுவது வெப்ப வித்தியாசத்தை. மதிய வெயில் பட்ட சுவரில் அது எதையும் காட்டும். அப்புறம், ஏஜெண்டு சிபாரிசு செய்யும் ஆள் வேண்டாம், வியாபாரம் முடிந்தால்தான் ஏஜெண்டுக்குக் கமிஷன்.

செலவு? டெரஸ் வீட்டுக்குப் பரப்பைப் பொறுத்துச் சில நூறு வெள்ளியிலிருந்து (ரிங்கிட்) ஆயிரத்தைச் சற்றுத் தாண்டும் வரை கேட்கிறார்கள். 500,000 வெள்ளி வீட்டுக்கு, முதல் வீட்டுச் சலுகை இல்லாதவர் கட்டும் பெயர் மாற்ற முத்திரைத் தீர்வை மட்டுமே 9,000 வெள்ளி. அதோடு வைத்துப் பார்த்தால் இது சில்லறை.

பணத்தை விட நேரம்தான் இதில் பெரிய விஷயம். வழக்கமாக வீடு பிடித்ததும் ஏஜெண்டு 2 அல்லது 3 விழுக்காடு முன்பணம் கேட்பார். 500,000 வெள்ளி வீட்டில் அது 10,000 அல்லது 15,000. அதைக் கட்டிய பிறகு விரிசலைப் பார்த்துப் பின்வாங்கினால் பெரும்பாலும் அந்தப் பணம் போய்விடும். ஆகவே முன்பணத்துக்கு முன்னால் பாருங்கள். வீடு கைநழுவிவிடும் என்று ஏஜெண்டு அவசரப்படுத்தினால், இன்ஸ்பெக்‌ஷன் திருப்தியாக இல்லாவிட்டால் பணம் திரும்ப வரும் என்று, முன்பணத்தோடு கையெழுத்தாகும் வாங்கும் விருப்பக் கடிதத்திலேயே (லெட்டர் ஆஃப் ஆஃபர்) ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். விற்கிறவர் மறுக்கலாம். மறுப்பதிலிருந்தே கொஞ்சம் புரிந்துவிடும். பார்க்கப் போகும் நாளையும் யோசித்துப் போடுங்கள். ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் சாயங்காலம் இடியோடு கொட்டும் மழைக்கு மறுநாள் காலை போனால், ஈரமானியே இல்லாமல் சீலிங் கறை பதில் சொல்லிவிடும். காலியாகக் கிடக்கும் வீடென்றால் தண்ணீரும் கரண்டும் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்க வேண்டும். வெட்டப்பட்டிருந்தால் குழாயையும் வயரிங்கையும் யாராலும் சோதிக்க முடியாது.

கொண்டோ, அடுக்குமாடி என்றால் கணக்கு வேறு. அங்கே இன்ஸ்பெக்டருக்குத் தரும் காசில் பாதி வீண் என்பது என் எண்ணம். பாத்ரூம் சீலிங் ஒழுகினால் காரணம் பெரும்பாலும் மேல்வீட்டில் இருக்கும், அந்தக் கதவை இன்ஸ்பெக்டர் தட்ட முடியாது. மேலாண்மை அலுவலகத்துக்குப் போய் உட்காருவது நல்லது. இந்த யூனிட்டில் மாடிக்கசிவு புகார் வந்திருக்கிறதா என்று கேளுங்கள். ஸ்ட்ராட்டா (அடுக்குமாடி நிர்வாக) விதிப்படி புகார் வந்தால் நிர்வாகம் 7 நாளுக்குள் வந்து பார்க்க வேண்டும், ஆய்வுச் சான்றிதழும் தர வேண்டும். எனவே புகார் இருந்திருந்தால் தாளும் இருக்கும். பராமரிப்புக் கட்டணத்துக்கு மேல், வழக்கமாக அதில் 10 விழுக்காட்டுக்குச் சமமான தொகை சிங்கிங் ஃபண்டுக்கு (பெரிய பழுதுகளுக்கான சேமிப்பு நிதி) வசூலிக்கப்படும். எத்தனை பேர் கட்டாமல் இருக்கிறார்கள், லிஃப்டு மாற்ற அதில் பணம் இருக்கிறதா என்பது உங்கள் சுவரில் இருக்கும் கீறலை விடப் பெரிய விஷயம்.

லெலோங்கில் பெரும்பாலும் உள்ளேயே விடமாட்டார்கள். 10 விழுக்காடு பேங்க் டிராஃப்டோடு போய் ஏலம் எடுத்து, மீதியை 90 அல்லது 120 நாளில் கட்ட வேண்டும். உள்ளே ஆள் குடியிருந்தால் வெளியேற்றுவதும் உங்கள் வேலை. மாமா இங்கேதான் தங்கம். பின்சந்தில் நடந்துபோனால் எக்ஸ்டென்ஷன் எப்படி நிற்கிறது, கூரை ஓடு எங்கே தாழ்ந்திருக்கிறது என்று காசில்லாமல் பார்க்கலாம். பக்கத்து வீட்டு அக்காவிடம் பேச்சுக் கொடுத்தால் மீதி வந்துவிடும். மற்றதெல்லாம் கெட்டுப்போனதாகவே வைத்து, ரீவயரிங், கூரை, பாத்ரூம், கறையான் மருந்து என்று மாமாவின் கணக்கைக் கழித்துக்கொண்டு ஏல விலைக்கு ஒரு உச்சவரம்பு போடுங்கள்.

சப்சேல் டெரஸ் வீட்டுக்கு நான் சொல்வது இருவரையும்: முதலில் இன்ஸ்பெக்டர், பிறகு அவர் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு மாமா விலை போடுவது. அந்தத் தொகையோடு போய் விலை பேசுங்கள், தனித்தனிக் குறைகளைச் சொல்லிச் சண்டை போட வேண்டாம். அறிக்கையின் படங்களையும் தூக்கி எறியாதீர்கள். ஒப்பந்தம் போட்டபின் மீதிப் பணம் கட்ட வழக்கமாக 3 மாதம், அதன் மேல் வட்டியோடு 1 மாதம் அவகாசம். அத்தனை நாளும் வீடு விற்பவர் கையில். ஏர்கோன், வாட்டர் ஹீட்டர், கிச்சன் கேபினட் எல்லாம் விலையில் சேர்த்தி என்று பேசியிருந்தால் அதை ஒப்பந்தத்தில் பட்டியலாகப் போடச் சொல்லுங்கள். சாவி வாங்கும் நாளில் அந்தப் படங்களோடு ஒவ்வொரு அறையாக நடந்து ஒப்பிட்டுப் பார்த்த பிறகு, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போடுங்கள்.