விஸ்காமா, இதழியலா, திரைப்படக் கல்லூரியா? பிளஸ் டூ முடிப்பவர்களுக்கு ஓர் ஒப்பீடு

சென்னை தரமணியில் ஊடகம் கற்பிக்கும் இரண்டு நிறுவனங்கள் ஒன்றுக்கொன்று அதிகத் தொலைவில்லாமல் இருக்கின்றன. எம்.ஜி.ஆர். அரசு திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம் பிளஸ் டூ முடித்தவர்களைச் சேர்த்துக்கொண்டு நான்கு ஆண்டுகள் படிக்கவைக்கிறது. ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசம் ஏற்கெனவே ஒரு பட்டம் வைத்திருப்பவர்களை மட்டும் எடுத்து, ஏறத்தாழ ஓராண்டில் பயிற்சியை முடித்து அனுப்பிவிடுகிறது. கேமராவும் ஒலிக்கருவியும் கையில் படியச் சிறு வயதிலேயே தொடங்கி நீண்ட காலம் பழக வேண்டும் என்று முதல் நிறுவனம் நினைக்கிறது. செய்தி எழுத வருகிறவர் உலகத்தைப் பற்றி முதலில் எதையாவது உருப்படியாகப் படித்துவிட்டு வரட்டும் என்று இரண்டாவது நிறுவனம் நினைக்கிறது. இந்த இரண்டு நிலைகளிலும் நியாயம் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் பிளஸ் டூ முடித்துவிட்டு ஊடகத்துக்குப் போக விரும்பும் நம் மாணவர்களில் பெரும்பாலோர் சேர்வது இந்த இரண்டிலும் சேராத மூன்றாவது வழியில், அதாவது பி.எஸ்சி. விஷுவல் கம்யூனிகேஷனில். ஆகவே ஒப்பீட்டை அங்கிருந்தே தொடங்குவது சரியாக இருக்கும்.

விஸ்காம் என்று எல்லோரும் சுருக்கமாக அழைக்கும் இந்தப் படிப்பு மூன்று ஆண்டுகள் கொண்டது. எந்தப் பாடப்பிரிவில் பிளஸ் டூ முடித்தவரும் சேரலாம். சென்னையில் லயோலாவின் பெயர்தான் முதலில் காதில் விழும் என்றாலும், இன்று கோவை, மதுரை, பாளையங்கோட்டை என்று பெரும்பாலான ஊர்களில் ஏதாவது ஒரு கலை அறிவியல் கல்லூரியில் இந்தத் துறை இருக்கிறது. முதல் பருவத்தில் பென்சில் ஓவியம், பிறகு கிராஃபிக் டிசைன், ஒளிப்படம், விளம்பரம், திரைக்கதை, தொலைக்காட்சித் தயாரிப்பு, படத்தொகுப்பு, ஊடகச் சட்டம் என்று எல்லாவற்றையும் தொட்டுச் செல்வது இதன் பாடத்திட்டம். இப்படித் தொட்டுச் செல்வதுதான் இதன் பலம், பலவீனமும் அதுவே. தனக்கு எது வரும் என்று பதினேழு வயதில் தெரியாத ஒருவர், மூன்றாண்டுகளில் ஏழெட்டு வேலைகளைச் செய்து பார்த்து, தனக்கு வராதவற்றைக் கழித்துவிடலாம் என்பது சிறிய லாபமன்று. ஒளிப்பதிவாளர் ஆகும் கனவோடு வந்த பலர், தங்களுக்கு உண்மையில் பிடித்தது எழுத்துரு வடிவமைப்பு என்றோ விளம்பர வாசகம் எழுதுவது என்றோ இரண்டாம் ஆண்டில் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஆனால் அப்படிக் கண்டுபிடித்த பிறகு அந்த ஒன்றில் ஆழமாக இறங்குவதற்குப் பாடத்திட்டத்தில் நேரம் இருக்காது. அதை அவரவரே சொந்த முயற்சியில் தேடிக்கொள்ள வேண்டியதுதான்.

விஸ்காம் துறைகளுக்குள் இருக்கும் தர வேறுபாடு, விஸ்காமுக்கும் பிற படிப்புகளுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைவிடப் பெரியது. ஒரு கல்லூரிக்குச் செய்முறைத் தேர்வு நாளில் விருந்தினராகப் போயிருந்தேன். ஒரு கேமராவைச் சுற்றி ஒன்பது மாணவர்கள் நின்றிருந்தார்கள். ஒருவர் இயக்கினார், ஒருவர் பார்த்துப் பதிவு செய்தார், ஒருவர் தெர்மக்கோல் பலகையைத் தூக்கிப் பிடித்து வெளிச்சத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். மீதி ஆறு பேர், படப்பிடிப்பு எப்படி நடக்கிறது என்பதைத் தங்கள் கைபேசிகளில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஆறு பேருக்கும் அதே பட்டம்தான் கிடைக்கும். கட்டணச் சீட்டில் இல்லாத செலவுகளும் இந்தப் படிப்பில் உண்டு. சொந்தமாக ஒரு கேமரா, படத்தொகுப்பு மென்பொருள் திணறாமல் ஓடும் மடிக்கணினி, இறுதியாண்டுக் குறும்படத்துக்கான வாடகை, சாப்பாடு, போக்குவரத்து என்று கணக்குப் பார்த்தால் தொகை லட்சத்தைச் சுலபமாகத் தாண்டிவிடும். சுயநிதிப் பிரிவில் சேர்க்கும் பெற்றோர் ஆண்டுக் கட்டணத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டுவிட்டு, மூன்றாம் ஆண்டில் தவிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இதழியலுக்கு வருவோம். நிருபராகவோ, செய்திகளைத் திருத்திச் சுருக்கித் தலைப்பிடும் சப்-எடிட்டராகவோ ஆக விரும்பும் பிளஸ் டூ மாணவர் முன்னால் இரண்டு வழிகள் உள்ளன. இளங்கலையிலேயே இதழியலைப் பாடமாக எடுத்துவிடுவது ஒரு வழி. சென்னைக் கிறித்தவக் கல்லூரி போன்ற சில இடங்களில் பி.ஏ. இதழியல் இருக்கிறது. பொருளாதாரம், வரலாறு, சட்டம், தமிழ் இலக்கியம், இயற்பியல் என்று ஏதாவது ஒன்றில் பட்டம் பெற்றுவிட்டு, அதன்பின் ஊடகப் பயிற்சிக்குப் போவது இன்னொரு வழி. பயிற்சிக்கு இடங்களும் குறைவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் இதழியல் துறை 1947-இலிருந்து இருக்கிறது, டெல்லியில் இந்திய மக்கள் தொடர்பியல் நிறுவனமான ஐ.ஐ.எம்.சி. 1965-இல் தொடங்கப்பட்டது, தரமணி ஏசியன் காலேஜை மேலே குறிப்பிட்டேன்.

இந்த இரண்டு வழிகளில் நான் இரண்டாவதன் பக்கம். அதற்கான காரணத்தை ஒரு சிறு நிகழ்ச்சியைக் கொண்டு சொல்வதே எளிது. சில ஆண்டுகளுக்கு முன், நான் வேலை பார்த்த செய்திப் பிரிவில் பயிற்சிச் சப்-எடிட்டர்களைத் தேர்ந்தெடுக்க ஓர் எழுத்துத் தேர்வு வைத்தோம். மாநில நிதிநிலை அறிக்கை பற்றிய நான்கு பக்கச் செய்திக்குறிப்பைக் கொடுத்து, 40 நிமிடத்தில் 150 சொற்களுக்குள் செய்தியும் தலைப்பும் எழுதச் சொன்னோம். வந்தவர்களில் பெரும்பாலோர் இதழியலோ விஸ்காமோ படித்தவர்கள். வடிவம் எல்லோருக்கும் வந்திருந்தது. முதல் பத்தியில் யார், எப்போது, எங்கே எல்லாம் சரியாக இருந்தன. ஆனால் அவர்களில் பாதிப்பேர் வருவாய்ப் பற்றாக்குறையும் (அன்றாடச் செலவுக்கு வருவாய் போதாத தொகை) நிதிப் பற்றாக்குறையும் (மொத்தச் செலவுக்காகக் கடன் வாங்க வேண்டிய தொகை) ஒன்றே என்று எண்ணி ஒன்றன் தொகையை மற்றதன் பெயரில் எழுதியிருந்தார்கள். மாவட்டக் கல்லூரி ஒன்றில் பொருளாதாரம் படித்த ஒரு பெண் எழுதிய செய்தியில் தலைப்பே இல்லை, சொல் எண்ணிக்கையும் மீறியிருந்தது. ஆனால் மூன்றாம் பக்கத்தின் அடியில் கிடந்த வருவாய்ப் பற்றாக்குறைத் தொகையை எடுத்து முதல் வரியில் வைத்து, அன்றாடச் செலவுக்கே அரசு கடன் வாங்குகிறது என்பதே இதன் பொருள் என்று எழுதியிருந்தார். அவரைத்தான் எடுத்தோம். தலைப்பு போடுவதை இரண்டு மாதத்தில் கற்றுக்கொண்டார். மற்றவர்களுக்கு இரண்டு மாதத்தில் பொருளாதாரத்தைக் கற்றுக்கொடுத்திருக்க எங்களால் முடிந்திருக்காது.

ஒரே ஒரு தேர்வை வைத்து ஒரு பட்டப்படிப்பையே எடைபோடக் கூடாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இளங்கலை இதழியலுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது: பட்டத்துக்குப் பிறகு இன்னும் ஓராண்டு படிக்கவும், அதற்குச் சில லட்சங்கள் செலவழிக்கவும் எல்லாக் குடும்பங்களாலும் முடியாது. இருபது வயதில் வேலைக்குப் போய்ச் சம்பாதித்தாக வேண்டிய பிள்ளைக்கு மூன்றாண்டு இதழியல் பட்டம் நேரடியான வாசல். அப்படிச் சேர்கிறவர்கள் துணைப்பாடமாகப் பொருளாதாரத்தையோ அரசியல் அறிவியலையோ எடுத்து, அதைக் கடமைக்குப் படிக்காமல் ஊன்றிப் படித்தால் மேலே சொன்ன குறையில் பாதி தீர்ந்துவிடும்.

தமிழ் ஊடகத்துக்கு வர விரும்புவோருக்குப் பட்டத்தைவிட முக்கியமான ஒரு தகுதி இருக்கிறது. அது தமிழ். ஆங்கில வழியில் படித்துவிட்டு, பத்தாம் வகுப்பு வரை பிரெஞ்சோ இந்தியோ இரண்டாம் மொழியாக எடுத்து வந்த பிள்ளைகள் அழகாகப் பேசுகிறார்கள், நன்றாகச் சிந்திக்கிறார்கள். ஆனால் மாவட்ட நிருபர் அனுப்பிய 400 சொல் செய்தியை 120 சொல்லாகச் சுருக்கச் சொன்னால், எங்கே வல்லினம் மிகும், எந்த வினைமுற்றில் வாக்கியத்தை முடிக்கலாம் என்று தெரியாமல் திணறுகிறார்கள். இதற்கு எந்த ஊடகப் படிப்பிலும் மருந்து இல்லை. விகடன் பல பத்தாண்டுகளாக நடத்திவரும் மாணவப் பத்திரிகையாளர் திட்டம், எந்தத் துறையில் படிக்கும் கல்லூரி மாணவரையும் வாசகமும் செய்தியும் எழுதிப் பழக வைக்கிறது. விலங்கியல் படித்துக்கொண்டே அதில் தேறி, பின்னாளில் முழுநேரப் பத்திரிகையாளர் ஆனவர்களை இந்தத் தொழிலில் இருக்கும் எவரும் சந்தித்திருப்பார்கள்.

திரைப்படக் கல்லூரியின் கணக்கு முற்றிலும் வேறு. தரமணியில் ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, இயக்கம், படத்தொகுப்பு, அனிமேஷன் என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் பட்டம் உண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு சிறிய வகுப்பறை அளவுக்குத்தான் இடங்கள். அரசு நிறுவனம் என்பதால் கட்டணம் குறைவு. தனியார் விஸ்காம் கட்டணத்தோடு ஒப்பிடவே முடியாது. அடையாறு பிலிம் இன்ஸ்டிட்யூட் என்று அறியப்பட்ட நாளிலிருந்து அங்கே படித்தவர்களுக்குத் திரைத்துறையில் ஒரு மதிப்பு உண்டு. ஒளிப்பதிவாளர் பி.சி. ஸ்ரீராம் அங்கே படித்தவர். அந்தக் கல்லூரி மாணவர்கள் ஒன்றுசேர்ந்து எடுத்த 'ஊமை விழிகள்' 1986-இல் வெளியாகி ஓடிய ஓட்டத்துக்குப் பிறகு, படித்துவிட்டு வந்தவர்களால் கல்லா கட்டும் படம் எடுக்க முடியாது என்று சொல்வது கோடம்பாக்கத்தில் குறைந்தது. ஒன்பதாம், பத்தாம் வகுப்பில் இருப்பவர்கள் இப்போதே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு போன்ற தொழில்நுட்பப் பிரிவுகளுக்கு இயற்பியலும் வேதியியலும் படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்து வருகிறது. கேமராதான் கனவு என்பதற்காகக் கணிதமும் அறிவியலும் வேண்டாம் என்று பதினொன்றாம் வகுப்பில் வேறு பிரிவுக்குப் போனவர், அந்தக் கதவைத் தானே சாத்திவிடக்கூடும். அந்தந்த ஆண்டின் சேர்க்கை அறிவிப்பை ஒருமுறை வரி விடாமல் படித்துவிடுவது நல்லது.

மற்ற திரைப்படக் கல்லூரிகளான புனே எஃப்.டி.ஐ.ஐ., கொல்கத்தா சத்யஜித் ராய் நிறுவனம் ஆகியவற்றைப் பற்றியும் மாணவர்கள் கேட்கிறார்கள். அவற்றின் முக்கியமான நீண்ட காலப் படிப்புகள் பட்டதாரிகளுக்கானவை. ஆகவே பிளஸ் டூ முடித்தவருக்கு அவை இன்றைய தேர்வாக இல்லை; மூன்றாண்டு கழித்து வரவேண்டிய தேர்வு. அண்ணா பல்கலைக்கழகத்தின் ஊடக அறிவியல் துறை நடத்தும் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த எம்.எஸ்சி. மின்னணு ஊடகப் படிப்பு, பலர் கண்ணில் படாமல் போகும் ஒரு நல்ல வழி. அந்த வளாகத்தில் 2004-இல் தொடங்கிய அண்ணா எஃப்.எம். இந்தியாவின் முதல் வளாகச் சமுதாய வானொலி. வானொலியா, அதற்கு இப்போது என்ன மதிப்பு என்று கேட்பவர்கள், ஒரு நிமிட நேரத்தை மௌனமும் தடுமாற்றமும் இல்லாமல் குரலால் மட்டும் நிரப்பிப் பார்க்கட்டும். இன்று பாட்காஸ்ட் செய்கிறவர்களில் பாதிப்பேருக்கு வராதது அதுதான்.

இனி வேலையைப் பற்றி. நாளிதழ் சப்-எடிட்டரின் நாள் மாலையில் தொடங்கி, கடைசிப் பதிப்பு அச்சுக்குப் போகும் நள்ளிரவில் முடிகிறது. மாதச் சம்பளம் உண்டு, பண்டிகை விடுமுறை பெரும்பாலும் இல்லை. மாவட்டங்களில் பகுதிநேர நிருபராக இருப்பவருக்கு அதுவும் நிச்சயமில்லை. வெளியான செய்திக்குத்தான் பணம் என்ற முறை இன்னும் பல இடங்களில் நடக்கிறது. திரைத்துறையில் உதவி இயக்குநருக்குப் படி வந்தால் வந்தது, படம் நின்றால் நின்றது. திருமணப் படப்பிடிப்பு, நிறுவன விளம்பரம், யூடியூப் சேனல்களுக்கான படத்தொகுப்பு என்று விஸ்காம் முடித்தவர்கள் செய்யும் வேலைகள், வீட்டில் சொல்லிக்கொள்ளப் பெருமையாக இல்லாவிட்டாலும், முதல் ஐந்து ஆண்டுகளில் மற்ற இரண்டைவிடவும் ஒழுங்காகப் பணம் தருகின்றன என்பதுதான் நான் பார்த்த நடைமுறை. பதினைந்தாம் ஆண்டில் நிலவரம் மாறிவிடுகிறது. ஒன்றில் ஆழமாகத் தேர்ந்தவர்கள் அப்போது முன்னால் போய்விடுகிறார்கள்.

வழிகள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவக்கூடியவை என்பதையும் பெற்றோர் தெரிந்துகொள்வது நல்லது. மறைந்த ஒளிப்பதிவாளரும் இயக்குநருமான கே.வி. ஆனந்த் இயற்பியல் பட்டதாரி, இதழ்களுக்கு ஒளிப்படங்கள் எடுத்தவர், பின்னர் பி.சி. ஸ்ரீராமிடம் உதவியாளராகச் சேர்ந்து, 1994-ஆம் ஆண்டுக்கான தேசிய ஒளிப்பதிவு விருதைத் தன் முதல் படத்திலேயே பெற்றார்.

இந்த ஆண்டு என்னைப் பார்க்க அப்பாவோடு வந்த மாணவிக்குச் செய்தியும் பிடிக்கும், கேமராவும் பிடிக்கும். "ரெண்டையும் விட மனசில்ல அங்கிள்" என்றார். ஊரிலேயே அரசுக் கல்லூரியில் பொருளாதாரம் கிடைக்கும் என்று அவருடைய அப்பா மெல்லச் சொன்னார். அதை எடுக்கச் சொன்னேன். கேமராவைக் கைபேசியில் பழகிக்கொண்டே இருக்கலாம், மூன்றாண்டு கழித்தும் இரண்டும் பிடித்திருந்தால் அப்போது எந்தக் கதவையும் தட்டலாம் என்றேன். மாணவியின் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. விஸ்காம்தான் என்று முடிவு செய்தால், கல்லூரி இணையதளத்தில் உள்ள படங்களைப் பார்த்து மயங்காமல், நேரில் போய் மூன்றாம் ஆண்டு மாணவர் யாரையாவது பிடித்து இரண்டே கேள்விகளைக் கேட்டுவிட்டு வரச் சொன்னேன்: போன பருவத்தில் நீங்கள் மட்டும் தனியாகச் செய்த வேலை எது, அதைக் காட்ட முடியுமா? கேமராவை வாரத்தில் எத்தனை மணி நேரம் வெளியே எடுத்துப் போக விடுகிறார்கள்?