ட்வைன், ரென்பை, கோடாட்: தனியாளாகக் கதை கேம் செய்ய எதை எடுப்பது?

நான் செய்த கேமில் நீங்கள் ரேஷன் கடை வரிசையில் நிற்கிறீர்கள். முன்னால் நிற்பவர் பேசுவது காதில் விழுகிறது. யாருக்கு இடம் விட்டுக்கொடுக்கிறீர்களோ அவர் முன்னால் வந்துவிடுவார், அடுத்து அவர் பேச்சுதான் கேட்கும். விட்டுக்கொடுத்துக்கொண்டே போனால் ஊர்க்கதை முழுக்கத் தெரிந்துவிடும், ஆனால் கடையைச் சாத்திவிடுவார்கள். சண்டை கிடையாது, பாயிண்ட் கிடையாது, அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். தலைப்பில் இருக்கும் மூன்றும் கேம் செய்வதற்கான மென்பொருள்கள். இதை ரென்பையில் பாதி வரைக்கும், கோடாட்டில் ஒரே ஒரு காட்சியும் செய்து பார்த்துவிட்டு ட்வைனில் முடித்தேன். அதனால் கீழே இருப்பதில் ட்வைன் பக்கம் சாய்வு தெரியும், தெரியட்டும்.

காசு விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம்: மூன்றுமே இலவசம், மூன்றுமே ஓப்பன் சோர்ஸ். யூனிட்டி என்ற பிரபலமான கேம் எஞ்சினை ஏன் எடுக்கவில்லை என்று கேட்பவர்களுக்கு, 2023 செப்டம்பரில் ஒவ்வொரு இன்ஸ்டாலுக்கும் கட்டணம் என்று அறிவித்து, அடுத்த வருடம் அதே மாதத்தில் அதை ரத்து செய்தார்கள். ரத்து ஆனது நல்லதுதான். ஆனால் நடுவில் இருந்த ஒரு வருடப் பதற்றம் தனியாளாக வேலை செய்கிறவருக்குத் தேவையில்லாதது.

கற்றுக்கொள்வதிலும் பெரிய விவாதம் இல்லை. ட்வைனில் பெட்டி பெட்டியாக எழுதி, இரட்டைச் சதுர அடைப்புக்குறிக்குள் ஒரு பெயரைப் போட்டால் அடுத்த பெட்டி தானாக முளைக்கும். முதல் நாளே ஏதோ ஒன்று ஓடும். ரென்பை 2004-லிருந்து இருக்கிறது, விஷுவல் நாவல், அதாவது படமும் வசனமுமாக நகரும் கதை கேம், செய்பவர்களின் சொத்து அது. நாடக வசனம் போல எழுதிக்கொண்டே போகலாம், சிக்கலான இடம் வந்தால் பைத்தான் நிரல்மொழியைத் தொடலாம். சேவ், பின்னால் போவது, வேகமாக ஓட்டுவது, இசைக்கும் குரலுக்கும் தனித்தனி சேனல் என்று எல்லாம் தயாராகவே வருகிறது. உள்ளதைச் சொன்னால் வசதிகளில் மூன்றில் இதுதான் முதல். அந்தப் பின்னால் போகும் வசதி மட்டும் என் கேமுக்கு ஒத்துவரவில்லை, விட்டுக்கொடுத்த இடத்தை மவுஸ் சக்கரத்தை உருட்டித் திரும்பப் பிடித்துவிட்டால் வரிசைக்கு என்ன அர்த்தம்? ஒரே வரியில் அதை அணைத்துவிடலாம் என்பதால் இது குறையே இல்லை. கோடாட் முழு கேம் எஞ்சின். ஆள் நடக்க வேண்டும், கதவு திறக்க வேண்டும், மழை பெய்ய வேண்டும் என்றால் அதைத்தான் எடுக்க வேண்டும். வெறும் எழுத்தும் நாலு கோட்டோவியமும் உள்ள கதைக்கு அது மலையைக் கெல்லி எலி பிடிக்கிற வேலை.

தமிழில் எழுதுவதாக இருந்தால் ஒரு விஷயம் கவனியுங்கள். நம் எழுத்துகளைச் சரியாகக் கோக்க எஞ்சினுக்குள் தனியாக ஒரு ஏற்பாடு வேண்டும். அது இல்லாவிட்டால் 'கெ', 'கொ' எல்லாவற்றிலும் கொம்பு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். கோடாட்டில் இது 2023 மார்ச்சில் வந்த 4.0-இல்தான் சரியானது, ரென்பையிலும் புதிய பதிப்புகளில் சரி. பழைய பதிப்புக்கான வீடியோவைப் பார்த்துப் பழகுகிறவர்கள் முதலில் ஒரு தமிழ் வரியைப் போட்டுப் பார்த்துவிடுங்கள். ட்வைனில் இந்தக் கவலையே கிடையாது, எழுத்தை வரைவது பிரவுசர். ஆனால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டச்சு ஆவது போலக் காட்டும் எஃபெக்டைத் தமிழில் போட்டால் வேடிக்கையாக இருக்கும்: அ, அம, அம், அம்ம, அம்மா என்று புள்ளி தனியாக, கால் தனியாக வந்து ஒட்டும். பிரவுசரின் நிரல்மொழியான ஜாவாஸ்க்ரிப்டில் 'Intl.Segmenter' என்று ஒன்று இருக்கிறது, அது முழு எழுத்தாகப் பிரித்துக் கொடுத்துவிடும், ஃபயர்ஃபாக்ஸில்கூட 2024-லிருந்து வேலை செய்கிறது. வார்த்தை வார்த்தையாக ஓடவிட்டால் அந்தத் தொல்லையும் இல்லை. நான் அப்படித்தான் செய்தேன்.

சரி, என்னை முடிவெடுக்க வைத்தது இதெல்லாம் இல்லை, பராமரிப்புதான். பெரிய நிறுவனத்தின் கேமுக்குப் பின்னால் அதைப் பார்த்துக்கொள்ள ஆள் இருப்பார்கள். நம் சின்ன கேமை நாம் வெளியிட்ட மறுநாளே அடுத்த வேலைக்குப் போய்விடுவோம், போகவும் வேண்டும். அப்புறம் ஐந்து வருடம் கழித்து யாரோ ஒருவர் லிங்க்கை அழுத்தினால் அது திறக்க வேண்டும். இது சும்மா பயம் இல்லை. பிரவுசரில் கேம் ஓட்ட உதவிய அடோபியின் ஃபிளாஷில் தனியாட்கள் செய்த சோதனை கேம்கள் எத்தனையோ இருந்தன. 2020 டிசம்பர் 31-உடன் அடோபி ஆதரவை நிறுத்தியது, 2021 ஜனவரி 12 முதல் பிளேயரே அவற்றை ஓட்ட மறுத்தது. ரஃபிள் போல ஃபிளாஷை நகலெடுத்து ஓட்டும் எமுலேட்டர்களை எழுதிய புண்ணியவான்களால் ஒரு பகுதி பிழைத்தது. 2017-இல் ஐஓஎஸ் 11 வந்தபோது பழைய 32-பிட் வகை ஆப்கள் எல்லாம் செத்தன, 2019-இல் மேக் கேட்டலினா அதையே கம்ப்யூட்டரில் செய்தது. கூகுள் பிளேயில் புதிய ஆண்ட்ராய்டு பதிப்புக்கு ஏற்ப அப்டேட் செய்யாமல் விட்டால் புது போன்காரர்களுக்கு ஆப் கண்ணிலேயே படாது. ஆப்பிளுக்கு வருடா வருடம் 99 டாலர் கட்ட வேண்டும், நிறுத்தினால் கடையிலிருந்து எடுத்துவிடுவார்கள். அரை மணி நேரக் கதை ஒன்றுக்காக வாழ்நாள் வாடகை!

ட்வைன் கடைசியில் கொடுப்பது ஒரே ஒரு ஹெச்டிஎம்எல் ஃபைல். அதை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம், பென் டிரைவில் கொடுக்கலாம், மெயிலில் அனுப்பலாம். தமிழ் எழுத்துருவையும் படங்களையும் பேஸ்64 ஆக்கி (வெறும் எழுத்துகளாக மாற்றி) அதற்குள்ளேயே திணித்துவிட்டால் வெளியே எதையும் நம்பி இருக்க வேண்டாம், எடை மூன்றில் ஒரு பங்கு கூடும், அவ்வளவுதான். நோட்டோ சான்ஸ் தமிழ் மாதிரி திறந்த உரிமமுள்ள எழுத்துருவாக எடுத்தால் பகிர்வதிலும் பிரச்சினை இல்லை. இன்னொன்று, வெளியிட்ட அந்த ஃபைலுக்குள்ளேயே மூலக்கதை முழுக்க இருக்கிறது. ட்வைனின் கதை வடிவங்களான ஹார்லோவில் செய்திருந்தாலும் ஷுகர்கியூபில் செய்திருந்தாலும் அதை ட்வைனுக்குள் திரும்ப இம்போர்ட் செய்து எழுத்துப்பிழையைத் திருத்தலாம். என் லேப்டாப் தொலைந்தாலும் கேமை விளையாடிய யாரிடமாவது மூலப்பிரதி இருக்கும். மற்ற இரண்டில் ப்ராஜெக்ட் ஃபோல்டர் போனால் மீட்பது இவ்வளவு சுலபமில்லை.

ரென்பையில் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுக்கும் ஒரே இடத்திலிருந்து பில்ட் (ஓடத் தயாரான கேம்) எடுக்கலாம் என்பது பெரிய விஷயம். ஆனால் மேக்கில் செய்தவரின் டிஜிட்டல் கையெழுத்து இல்லாத ஆப்பைத் திறக்கவே செட்டிங்ஸ் வரை போக வேண்டியிருக்கிறது, விண்டோஸும் நீல நிறத்தில் எச்சரிக்கும். விளையாடிப் பழக்கமில்லாத என் அத்தை அதைப் பார்த்தால் அங்கேயே மூடிவிடுவார், எனக்கோ அவர்தான் முக்கியமான வாசகர். பிரவுசருக்கும் பில்ட் எடுக்கலாம், எடை கூடுதல். கோடாட்டில் 3-லிருந்து 4-க்கு மாறியபோது கேமைக் கட்டும் துண்டுகளான நோடுகள் பலவற்றின் பெயர்களே மாறின, பழைய ப்ராஜெக்டை அப்படியே திறந்து ஓட்ட முடியாது. பிரவுசர் பில்டுக்கும் 2024 ஆகஸ்டில் 4.3 வரும்வரை சர்வரில் சில விசேஷ ஹெடர்கள் (பக்கத்தோடு அனுப்பும் அமைப்புகள்) வேண்டியிருந்தன. இப்போது பரவாயில்லை. கோடாட்டைப் பற்றி நான் சொல்வதைக் கொஞ்சம் குறைத்தே எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு காட்சியைத் தாண்டி அதில் நான் போகவில்லை.

ட்வைனின் குறைகள்: ஒலி. ஷுகர்கியூபில் ஆடியோ கட்டளைகள் இருக்கின்றன, ஆனால் பயனர் எதையாவது தொடும்வரை பிரவுசர் சத்தத்தை விடாது, எனவே தலைப்புப் பக்கத்தில் ஒரு 'தொடங்கு' பட்டன் கட்டாயம். சேவ் பிரவுசரின் சேமிப்பில் உட்கார்ந்திருக்கும், சஃபாரியைப் பயன்படுத்திக்கொண்டே ஏழு நாள் அந்தத் தளத்தைத் தொடாமல் இருந்தால் அது அழிந்துவிடும். அரை மணி நேர கேமுக்குப் பரவாயில்லை, ஐந்து மணி நேரக் கதை என்றால் சேவை ஃபைலாக இறக்கிக்கொள்ளும் வசதியைக் கண்ணில் படுகிற இடத்தில் வையுங்கள். பெட்டிகள் நூறைத் தாண்டினால் அவற்றை இணைத்துக் காட்டும் வரைபடம் கண்ணைக் கட்டிவிடும். அப்புறம் விற்பனை. கேம்களை விற்கும் ஆன்லைன் கடையான ஸ்டீமில் ஒரு கேமுக்கு 100 டாலர் கட்டி, ஹெச்டிஎம்எல்லை எலக்ட்ரான் மாதிரி ஏதாவது உறைக்குள் போட்டு (தனி ஆப்பாக்கி) ஏற்ற வேண்டும், அந்த உறைக்கு மறுபடி பராமரிப்பு. காசுக்கு விற்பதுதான் முதல் நோக்கம் என்றால் நேராக ரென்பைக்குப் போங்கள். 2017-இல் வந்து உலகம் முழுக்கப் பேசப்பட்ட 'டோக்கி டோக்கி லிட்டரேச்சர் கிளப்' அதில் செய்ததுதான். ஸ்டீமில் விஷுவல் நாவலுக்கென்றே வாங்குகிற கூட்டம் உண்டு.

இங்க், பிட்ஸி என்ற வேறு இரண்டு கதை கேம் கருவிகளையும் கேட்பீர்கள். இங்க்கில் எழுதுவது மூன்றையும்விட இன்பம், '80 டேஸ்' செய்த இங்கிள் நிறுவனம் 2016-இல் அதைத் திறந்துவிட்டது, பிரவுசருக்கும் ஏற்றுமதி ஆகும். கிளைகள் பிரிந்து உடனே சேரும் வகைக் கதை என்றால் ட்வைனுக்கு முன் அதைப் பாருங்கள். பிட்ஸி சின்னச் சின்னக் கட்டங்களும் மூன்று நிறங்களும் மட்டும் கொண்டது, அழகானது. படங்களுக்காக அதை எடுக்கலாம், நிறையத் தமிழ் வசனத்துக்கு எடுக்க மாட்டேன்.

ட்வைனை எடுத்தால் தளத்தில் ஆன்லைனாக எழுதாதீர்கள், டெஸ்க்டாப் ஆப்பை இறக்கிக்கொள்ளுங்கள். ஆன்லைனில் கதை உங்கள் பிரவுசர் சேமிப்பில்தான் இருக்கும், ஹிஸ்டரியோடு சேர்த்துத் தளத் தரவுகளையும் துடைத்தால் கதையும் போய்விடும். டெஸ்க்டாப்பில் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டருக்குள் ட்வைன் என்று ஒரு ஃபோல்டர் இருக்கும், வாரம் ஒருமுறை அதை வேறு எங்காவது நகல் எடுத்து வையுங்கள்.