பால் பல் சொத்தை: விடலாமா, பிடுங்கலாமா, அடைக்கலாமா, கேப் போடலாமா?

பால் பல்லில் சொத்தை என்று டாக்டர் சொன்னதும் வீட்டில் கிளம்புகிற முதல் பேச்சு, "எப்படியும் விழுந்து முளைக்கிற பல்தானே, விடு" என்பதுதான். தாத்தா பாட்டி சொல்வார்கள், பக்கத்து வீட்டில் சொல்வார்கள். இன்னொரு கிளினிக்குக்குப் போனால் நேர் எதிராக, வாயில் இருக்கிற அத்தனை சொத்தைக்கும் வேர் சிகிச்சை, கேப் என்று பெரிய எஸ்டிமேட்டைக் கையில் கொடுத்து அனுப்புவார்கள். இந்த இரண்டுக்கும் நடுவே நல்ல வழிகள் சில இருக்கின்றன, யாரும் உட்கார வைத்து விளக்குவதில்லை என்பதால் எழுதுகிறேன். என் பக்கம் எது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அந்தப் பல்லுக்கு இன்னும் எத்தனை வருஷம் வேலை இருக்கிறது, சொத்தை நரம்பு வரை போய்விட்டதா, இந்த இரண்டும் தெரியாமல் எதற்கும் தலையாட்டக் கூடாது. நரம்பைத் தொடாத கடைவாய்ப் பல் என்றால் பிடுங்குவது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும்.

முதலில் வருஷக் கணக்கு. கீழ் முன்பற்கள் ஆறேழு வயதில் ஆடி விழுந்துவிடும். கடைவாய்ப் பால் பற்கள் அப்படியில்லை, பத்து பன்னிரண்டு வயது வரைக்கும் வாயில் இருக்க வேண்டியவை. நாலு வயதுப் பிள்ளைக்குக் கடைவாயில் சொத்தை என்றால் அந்தப் பல்லுக்கு இன்னும் ஆறேழு வருஷம் சோறு மெல்லுகிற வேலை பாக்கி. அப்புறம் ஆழம். பால் பல்லின் எனாமல் மெல்லியது, உள்ளே நரம்பு இருக்கும் அறை பல்லின் அளவுக்குப் பெரியது, அதனால் பெரியவர்களைவிடப் பிள்ளைகளுக்குச் சொத்தை வேகமாக உள்ளே இறங்கும். இனிப்போ ஐஸ்கிரீமோ பட்டதும் சுருக்கென்று வலித்து உடனே அடங்கினால் நரம்பு பெரும்பாலும் பிழைத்திருக்கிறது. ராத்திரி தூக்கத்தில் எழுந்து அழுகிறது, வலி விட்டபாடில்லை, ஈறில் சின்னக் கொப்புளம் போல சீழ் தெரிகிறது என்றால் சொத்தை உள்ளே போய்விட்டது. சில பிள்ளைகள் வலியென்றே சொல்லாது, ஒரு பக்கமாகவே மெல்லும். எக்ஸ்ரே எடுக்காமல் ஆழத்தை உறுதியாகச் சொல்ல முடியாது, எனவே டாக்டர் சின்ன எக்ஸ்ரே கேட்டால் பயப்பட வேண்டாம், அதன் கதிர்வீச்சு மிகக் குறைவு.

சும்மா விடுவது: ஆறு வயதில் ஏற்கெனவே ஆடத் தொடங்கிய முன்பல்லில் வலியில்லாத சொத்தை என்றால் விட்டுவிடலாம், தப்பே இல்லை. கடைவாய்ப் பல்லை அப்படி விட முடியாது. சீழ் பிடித்தால் அடியில் வளர்ந்துகொண்டிருக்கும் நிரந்தரப் பல்லின் எனாமலே பழுதாகலாம். கன்னம் வீங்கியதும் மெடிக்கல் ஷாப்பில் ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுத்து, வீக்கம் வடிந்ததும் சரியாகிவிட்டது என்று நினைப்பதை நிறைய வீடுகளில் பார்க்கிறேன். வடிந்தது வீக்கம் மட்டும்தான், கிருமியின் வீடு பல்லுக்குள் அப்படியே இருக்கிறது. கிராம்பு எண்ணெயும் அந்த நேரத்துக்கு மரத்துப்போகச் செய்யுமே தவிர சொத்தையை நிறுத்தாது, சின்னப் பிள்ளையின் ஈறை எரித்துவிடவும் செய்யும். வீக்கத்தோடு காய்ச்சல், கண்ணுக்குக் கீழோ தாடைக்கு அடியிலோ பரவுவது, வாய் திறக்கவோ விழுங்கவோ சிரமம், இதில் ஏதாவது இருந்தால் விடியும்வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பிடுங்குவது: ஒரே நாளில் முடியும், செலவு குறைவு, அதனால்தான் பலர் இதற்குச் சம்மதிக்கிறார்கள். கணக்கு இடிப்பது பிறகுதான். ஆறு வயதில் பால் பற்களுக்கெல்லாம் பின்னால் முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல் முளைக்கிறது. அதற்கு முன்னால் இருக்கிற பால் பல்லை எடுத்துவிட்டால், பஸ்ஸில் பக்கத்து சீட் காலியானதும் நகர்ந்து உட்காருகிற மாதிரி இது முன்னால் சாய்ந்து வந்துவிடும். நாலைந்து வருஷம் கழித்து அந்த இடத்தில் முளைக்க வேண்டிய பல்லுக்கு இடமிருக்காது, அது கோணலாக வரும் அல்லது ஈறுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். அப்புறம் கிளிப் போட்டுச் சரிசெய்கிற செலவோடு ஒப்பிட்டால், இன்றைக்குப் பல்லைக் காப்பாற்றுகிற செலவு ஒன்றுமேயில்லை. நரம்பும் வேரும் கெட்டு வேறு வழியில்லை என்றால் பிடுங்கத்தான் வேண்டும், ஆனால் பிடுங்குகிற அன்றே 'ஸ்பேஸ் மெயின்டெய்னர்' பற்றிக் கேளுங்கள். பக்கத்துப் பல்லில் ஒரு ஸ்டீல் வளையம், அதிலிருந்து காலி இடத்தை அடைகாக்கும் கம்பி, அவ்வளவுதான். சில மாதத்துக்கு ஒருமுறை காட்ட வேண்டும், சூயிங்கம்மும் ஒட்டுகிற மிட்டாயும் அதைக் கழற்றிவிடும்.

அடைப்பது: ஒரே பக்கத்தில் சின்னக் குழி என்றால் இதுதான் நேரான வழி. பல் நிறத்தில் இரண்டு வகை உண்டு. காம்போசிட் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் போடும்போது பல் துளி ஈரமில்லாமல் இருக்க வேண்டும், நாக்கை ஆட்டிக்கொண்டு எச்சில் ஒழுகுகிற மூன்று வயதுப் பிள்ளையிடம் அது நடக்கிற காரியமா? கிளாஸ் அயனோமர் அவ்வளவு அழகில்லை, ஆனால் கொஞ்சம் ஈரத்தையும் பொறுத்துக்கொள்ளும், பல்லைக் கெட்டிப்படுத்துகிற ஃப்ளோரைடையும் கொஞ்சம் கொஞ்சமாக விடும். சொத்தை இரண்டு பற்களுக்கு இடையில் இருந்தால் எந்த ஃபில்லிங்கும் உடைந்து விழ வாய்ப்பு அதிகம், நாலு வயதில் அடைத்து ஐந்து வயதில் மறுபடி அடைத்து என்று அலைய வேண்டியிருக்கும். பழைய பாதரசக் கலவை ஃபில்லிங்கை யாராவது சொன்னால் மாற்று கேளுங்கள், 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அதைத் தவிர்ப்பது என்று, பாதரசப் பயன்பாட்டைக் குறைப்பதற்கான மினமாட்டா சர்வதேச ஒப்பந்தத்தில் இருக்கிற நாடுகள் 2022ல் முடிவெடுத்திருக்கின்றன.

ஸ்டீல் கேப்: பற்களுக்கு இடையில் சொத்தை, நரம்பு நல்லபடியாக இருக்கிறது, பிள்ளைக்கு ஐந்தாறு வயது. இந்த இடத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டு கேப் பக்கம்தான். ஸ்காட்லாந்தில் நார்னா ஹால் என்ற பல் மருத்துவர் ஒரு எளிய முறையைக் கையாண்டார், அவர் பெயரிலேயே அதை ஹால் முறை என்கிறார்கள். ஊசி இல்லை, குடைவது இல்லை. தேவைப்பட்டால் சில நாள் முன்னதாகப் பற்களுக்கு இடையில் சின்ன ரப்பர் வளையம் வைத்து இடம் உண்டாக்குவார்கள். அப்புறம் அளவான கேப்பில் சிமென்ட் நிரப்பி பல்மேல் அழுத்திவிட்டு, பிள்ளையைப் பஞ்சைக் கடிக்கச் சொல்வார்கள். சொத்தை உள்ளே அடைபட்டு, சாப்பாடு கிடைக்காமல் கிருமி முடங்கிவிடும். முதல் சில நாள் வாய் சரியாக மூடாதது போல இருக்கும், ஓரிரு வாரத்தில் கடி பழகிவிடும். பல் விழும்போது கேப்பும் சேர்ந்தே விழுந்துவிடும். வெள்ளை நிற ஜிர்கோனியா கேப்பும் உண்டு, ஆனால் அதற்குப் பல்லை அதிகம் செதுக்க வேண்டும், விலையும் கூட. கடைவாயில் யார் பார்க்கப் போகிறார்கள், ஸ்டீலே போதும் என்பது என் கருத்து. நரம்பு கெட்டுப்போயிருந்தால் வெறும் கேப் மட்டும் போட்டு மூடக் கூடாது, முதலில் நரம்புச் சிகிச்சை, அதன் மேல்தான் கேப். எல்லா வழிகளிலும் செலவு அதிகம் இதற்குத்தான்.

கறுப்பு மருந்து: சில்வர் டயமைன் ஃப்ளோரைடு. நம் ஊரில் பெற்றோருக்கு அதிகம் தெரியாத வழி இதுதான். ஜப்பானில் பல பத்தாண்டுகளாகப் பயன்பாட்டில் இருக்கிறது, உலக சுகாதார நிறுவனம் 2021ல் இதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. என் அக்கா மகளுக்குக் கடைவாய்ப் பற்களில் பூசும்போது பக்கத்தில் இருந்தேன். உதட்டில் வாஸ்லின் தடவி, பஞ்சு வைத்துப் பல்லை உலர்த்தி, தீக்குச்சி முனையளவு பிரஷ்ஷில் ஒரு துளி தொட்டுக் குழிக்குள் தேய்த்தார் டாக்டர். ஒரு நிமிஷம் அப்படியே பிடித்திருந்தார், முடிந்தது. வாயில் கசப்பு என்று முகத்தைச் சுளித்தாளே தவிர அழவில்லை. மறுநாள் சொத்தை இருந்த இடம் கன்னங்கரேல் என்று ஆகிவிட்டது, மெத்தென்று இருந்த இடம் பிறகு கெட்டிப்பட்டது. அந்தக் கறுப்பு போகாது, அதுதான் இதன் குறை, முன்பல்லில் பூசினால் போட்டோவில் தெரியும், சொந்தக்காரர்கள் கேட்பார்கள். பிறகு மேலே வெள்ளை ஃபில்லிங் போட்டு ஓரளவு மறைக்கலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை திரும்பப் பூச வேண்டும், நரம்பு கெட்ட பல்லுக்கும் வெள்ளி ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கும் ஆகாது. நாற்காலியில் உட்காரவே மறுக்கிற இரண்டு மூன்று வயதுப் பிள்ளைக்கு, மயக்க மருந்து கொடுத்துச் சிகிச்சை செய்வதைத் தள்ளிப்போட இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. எல்லா கிளினிக்கிலும் இருக்காது, போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள். பணம் நெருக்கடி என்றால் சென்னையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகளுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. மற்ற ஊர்களில் பல் மருத்துவக் கல்லூரிகளில் கட்டணம் பொதுவாகக் குறைவு, நேரம்தான் கொஞ்சம் கூட ஆகும்.

எந்த வழி எடுத்தாலும் வீட்டில் இரண்டு விஷயம் மாறாவிட்டால் அடுத்த பல்லில் சொத்தை வரும். ஒன்று, ராத்திரிப் பால் பாட்டில். தூக்கத்தில் எச்சில் சுரப்பது குறைந்துவிடும், சர்க்கரை போட்ட பால் மேல் முன்பற்களில் தேங்கி விடியவிடிய வேலை செய்யும். பாட்டிலோடு தூங்கவைக்காமல், குடித்து முடித்ததும் வாயைத் துடைத்துவிட்டுப் படுக்க வையுங்கள். இரண்டு, பேஸ்ட். குழந்தை படம் போட்ட டியூப்களில் பலவற்றில் ஃப்ளோரைடே இல்லை, அல்லது மிகக் குறைவு. பின்னால் திருப்பி ஃப்ளோரைடு அளவு 1000 பிபிஎம் (ppm) என்று இருக்கிறதா பாருங்கள். மூன்று வயது வரை அரிசி அளவு, அதற்கு மேல் பட்டாணி அளவு, விழுங்காமல் துப்பப் பழக்க வேண்டும். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாதிரி நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகமுள்ள பகுதியில், போர் தண்ணீர் குடிக்கிற வீடு என்றால் பேஸ்ட் பற்றி டாக்டரிடம் கேட்டே முடிவு செய்யுங்கள்.

தேய்ப்பது ஏழெட்டு வயது வரை உங்கள் கையால்தான். மடியில் தலையைச் சாய்த்துப் படுக்கவைத்து, மேலுதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறை ஒட்டிச் சுண்ணாம்பு மாதிரி வெள்ளைக் கோடு தெரிகிறதா என்று கண்டுபிடிக்கலாம், சொத்தையின் முதல் அடையாளம் அதுதான், அந்தக் கட்டத்தில் ஃப்ளோரைடு பூச்சிலேயே திரும்பக் கெட்டிப்படும். டாக்டரிடம் போகும்போது "ஊசியே போடமாட்டாங்க" என்று வாக்குக் கொடுக்காதீர்கள், "அடம்பிடிச்சா ஊசி போடச் சொல்வேன்" என்றும் மிரட்டாதீர்கள், தூங்கி எழுந்து வயிறு நிறைந்திருக்கிற காலை நேரத்தில் அப்பாயின்ட்மென்ட் வாங்குங்கள். ஆறு வயது நெருங்கினால் கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். எந்தப் பல்லும் விழாமலே புதிதாக முளைக்கிற அந்த நிரந்தரப் பல்லைப் பால் பல் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். அது முழுதாக வெளியே வந்ததும் மேலே இருக்கிற பள்ளங்களை மூட 'சீலன்ட்' போட முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.