மூன்று கணினி, ஒரே சரக்கிருப்பு: எது தாங்கும்?

கீழமாசி வீதியில் ஒரு மளிகை மொத்தக் கடை என்று வைத்துக்கொள்வோம். கல்லாவில் ஒரு கணினி, கணக்குப்பிள்ளையிடம் ஒன்று, குடோனில் ஒன்று. துவரம்பருப்பு 40 மூட்டை இருக்கிறது. கல்லாவில் 10 மூட்டைக்கு பில் போடும் அதே நேரத்தில், குடோனில் 5 மூட்டை திண்டுக்கல் வண்டியில் ஏறுகிறது. இரண்டு திரையிலும் 40தான். ஒருவர் 30 என்று சேமிக்கிறார், அடுத்தவர் 35 என்று. கடைசியில் நிற்பது 35. குடோனில் இருப்பதோ 25.

பொதுக் கோப்புறையில் கிடக்கும் எக்செல் இந்தத் தொல்லையை முரட்டுத்தனமாகத் தடுக்கிறது. முதலில் திறந்தவர்தான் எழுதலாம், மற்றவர்களுக்கு 'ரீட் ஒன்லி'. உடனே யாராவது 'ஸ்டாக் புதுசு' என்று நகலெடுத்துச் சேமிப்பார். அப்புறம் எது நிஜம் என்ற பஞ்சாயத்துதான்.

கூகுள் ஷீட்ஸில் 100 பேர் வரை ஒரே நேரத்தில் திருத்தலாம். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒருவர் மல்லி விலையை மாற்ற, பலர் போனில் பார்க்க வேண்டுமென்றால் இதைவிடச் சுலபமான வழி இல்லை. இருப்புக் கணக்கு வேறு. ஒரே கட்டத்தில் (செல்லில்) இருவர் எழுதினால் இங்கேயும் கடைசி எழுத்துதான் நிற்கும். வரவு, செலவு ஒவ்வொன்றையும் தனி வரியாகப் போட்டு, இருப்பை ஃபார்முலாவில் எடுத்தால் ஓரளவு தப்பிக்கலாம்.

மைக்ரோசாப்டின் டேட்டாபேஸ் மென்பொருளான அக்சஸில் ஒரே நேரத்தில் 255 பேர் என்பது காகிதக் கணக்கு. கோப்பு 2 ஜிபியைத் தாண்டக் கூடாது. டேபிள்களை ஒரு கணினியிலும் படிவங்களை அவரவர் கணினியிலும் பிரித்து வைத்தால் நாலைந்து பேருக்கு ஓடும். ஆனால் ஒவ்வொரு கணினியும் நேராக அந்தக் கோப்பில் கைவைக்கிறது. எழுதும்போது வைஃபை அறுந்தால் கோப்பே கெட்டுப்போகலாம். கேபிள் போடாமல் இதைத் தொடவே வேண்டாம். எல்லாத் தரவையும் ஒரே கோப்பில் வைக்கும் எஸ்க்யூலைட்டைப் பொதுக் கோப்புறையில் வைப்பதும் இதே வம்புதான்.

என் ஓட்டு சர்வருக்கு, அதாவது தரவை ஒரே இடத்தில் வைத்து மற்றக் கணினிகளுக்கு எடுத்துக்கொடுக்கும் டேட்டாபேஸ் மென்பொருளுக்கு: போஸ்ட்கிரஸ், மைஎஸ்க்யூஎல், அல்லது அளவு வரம்போடு இலவசமாகக் கிடைக்கும் எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ். மற்றக் கணினிகள் கேட்க மட்டும் செய்யும்; கோப்பைத் தொடுவது சர்வர் ஒன்றுதான். போஸ்ட்கிரஸில் ஒருவர் திருத்தும்போது விழும் பூட்டு அந்த ஒரு வரிக்கு மட்டும், அதையும் படிப்பவர் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் சர்வர் போட்டுவிட்டால் எல்லாம் சரி என்றும் இல்லை. மென்பொருள் '30 என்று எழுது' என்று அனுப்பினால் பழைய கதைதான். 'இருப்பில் 10 கழி' என்று அனுப்பினால் அடுத்த கோரிக்கை காத்திருந்து, 30-லிருந்து 5 கழித்து 25 ஆக்கும். மென்பொருள் விற்க வருபவரை இரண்டு கணினியில் ஒரே சரக்கைத் திறந்து, இரண்டிலும் கழித்துக் காட்டச் சொல்லுங்கள்.

கணக்கு ஏற்கெனவே டேலியில் ஓடுகிறதென்றால், முதலில் லைசென்ஸைப் பாருங்கள்: சில்வர் ஒரு கணினிக்கு, கோல்டு நெட்வொர்க்கில் உள்ள எல்லோருக்கும். இருப்பையும் அதிலேயே பார்த்துக்கொள்ள முடிந்தால் தனி சர்வர் எதற்கு?

சர்வர்தான் என்றால் யூபிஎஸ் கட்டாயம். பேக்கப் பழக்கமும் மாற வேண்டும். எக்செல் கோப்பைப் பென்டிரைவில் இழுத்துப்போடுவதுபோல, ஓடிக்கொண்டிருக்கும் சர்வரின் கோப்புறையை நகலெடுத்தால் அது திரும்பத் திறக்கும் என்று சொல்ல முடியாது. தரவை முழுதாக வெளியே எடுத்து எழுத அதற்கென்று இருக்கும் டம்ப் கட்டளையை, கடை சாத்திய பிறகு தானாக ஓடும்படி வைத்துவிடுங்கள்.