நிஞ்ஜா 300-இன் முன் ப்ரேக்: பேட், ஓஸ், மாஸ்டர் சிலிண்டர் – எதில் காசைப் போடுவது?

கொல்லிமலைச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது விளையாட்டாக இருக்கும்; இறங்கும்போதுதான் வண்டியின் சாயம் வெளுக்கும். என் 2014 கவாசாகி நிஞ்ஜா 300 பைக்கில் இறங்கிக்கொண்டிருந்தேன். பாதி மலைகூடத் தாண்டவில்லை, முன் ப்ரேக் லீவர் கொஞ்சம் கொஞ்சமாக ஹேண்டில்பாரை நெருங்க ஆரம்பித்தது. வண்டி நின்றது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் மேலே இரண்டு விரலால் பிடித்த ப்ரேக்கைக் கீழே வரும்போது நான்கு விரலால் பிடிக்க வேண்டியிருந்தது. கூட வந்தவன் கேடிஎம் ஆர்சி 390 பைக் வைத்திருக்கிறான். அடிவாரத்தில் டீ குடித்துக்கொண்டே, "மச்சி, உன் காலிப்பரைத் தூக்கிப் போட்டுட்டு நாலு பிஸ்டன் ரேடியல் போடு. அப்போதான் சரிப்படும்" என்றான்.

அவன் சொன்னதை மட்டும் நான் செய்யவில்லை. மற்றவற்றில் சிலதை அடுத்த இரண்டு வருடத்தில் ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தேன்.

வண்டியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். 172 கிலோ எடை, 39 பி.எஸ். சக்தி. முன்னால் ஒரே ஒரு 290 மி.மீ. பெட்டல் டிஸ்க் (விளிம்பு இதழ் போல வெட்டியது), இரண்டு பிஸ்டன் காலிப்பர், ரப்பர் ஓஸ். லீவரை அழுத்தினால் ஹேண்டில்பாரில் இருக்கும் மாஸ்டர் சிலிண்டர் ப்ரேக் ஆயிலை ஓஸ் என்ற குழாய் வழியாகத் தள்ளும்; காலிப்பரின் பிஸ்டன்கள் பேட் என்ற உராய்வுக் கட்டைகளை டிஸ்க்கின் மேல் அழுத்தும். ஏபிஎஸ், அதாவது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு, இல்லாத மாடல். நம் ஊரில் இந்த வண்டி வைத்திருப்பவர்கள் எல்லோருமே ப்ரேக்கைக் குறை சொல்வார்கள். ஆனால் கேட்டுப் பார்த்தால் ஒவ்வொருவர் சொல்லும் குறையும் வேறு. ஒருவருக்கு எவ்வளவு அழுத்தினாலும் பலம் போதவில்லை. இன்னொருவருக்கு லீவர் பஞ்சு மாதிரி அமுங்குகிறது. மூன்றாமவருக்கு முதலில் நன்றாகப் பிடித்து, சூடானதும் கைவிடுகிறது. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. இது புரியாமல் நான் முதலில் விலைப்பட்டியலைத்தான் புரட்டினேன்.

எனக்கு வந்தது மூன்றாவது நோய். அதிலும் இரண்டு வகை உண்டு. லீவர் கெட்டியாகவே இருந்து வண்டி மட்டும் நிற்காமல் வழுக்கினால் பேட் சூடாகிப் பிடிப்பை இழந்திருக்கிறது. லீவரே மெத்தென்று உள்ளே போனால் ப்ரேக் ஆயில் கொதித்து உள்ளே நீராவிக் குமிழ் சேர்ந்திருக்கிறது. வண்டியும் ஆளுமாக ஏறக்குறைய 250 கிலோ. மணிக்கு 100 கி.மீ. வேகத்திலிருந்து ஒருமுறை நிறுத்தினால் பிறக்கும் வெப்பம் கால் லிட்டருக்கும் மேலான தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதும். அதில் பெரும்பங்கு அந்த ஒற்றை டிஸ்க்கின் தலையில்தான். மலை இறக்கத்தில் அது ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும்.

ப்ரேக் ஆயில் இருக்கும் ரிசர்வாயரின் மூடியைத் திறந்து பார்த்தேன். இளந்தேன் நிறத்தில் இருக்க வேண்டிய ஆயில் கடுங்காப்பி மாதிரி இருந்தது. நான்கு வருடமாக மாற்றவே இல்லை. டாட் என்பது ப்ரேக் ஆயிலின் தரக் குறியீடு. டாட் 4 ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் உறிஞ்சிவிட்டால் அந்த வரம்பு 155-க்கு இறங்கிவிடும். சென்னைக் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்? டாட் 5.1 என்றால் 260-உம் 180-உம். மலைக்கு அடிக்கடி போகிறவர் 5.1 போடலாம். மற்றவர்களுக்கு டாட் 4-ஐ வருடம் ஒருமுறை மாற்றினாலே தாராளம். டாட் 5 என்று ஒன்று இருக்கிறது, பெயரில் ஏமாந்துவிடாதீர்கள். அது சிலிகான், மற்றதோடு சேராது, இந்த வண்டிக்கு ஆகாது. சில நூறு ரூபாய்ச் செலவில் என் கொல்லிமலை வியாதி தீர்ந்தது. (ஊற்றும்போது டேங்கின் மேல் ஒரு துணி போடுங்கள். என் பச்சைப் பெயிண்டில் இன்னும் ஒரு தழும்பு இருக்கிறது.)

ஆசை அதோடு விடவில்லை. அடுத்தது பேட், பலக் குறைவுக்கான மருந்து.

பேடின் பின்தகட்டில் இரண்டு ஆங்கில எழுத்துகள் பொறித்திருக்கும். முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் எவ்வளவு உராய்வு என்பதற்கு, இரண்டாவது நன்றாகச் சூடேறிய பின் எவ்வளவு என்பதற்கு. ஜி என்றால் உராய்வுக் கெழு 0.45 முதல் 0.55 வரை. ஹெச் என்றால் 0.55-க்கு மேல். அதனால்தான் கடைக்காரர்கள் "டபுள் ஹெச்" என்று கூவி விற்கிறார்கள். இவை பெரும்பாலும் சின்டர்டு வகை, அதாவது உலோகத் தூளை அழுத்திச் சூட்டில் இறுக்கிச் செய்தவை. ஆர்கானிக் பேடோடு (பிசினில் இழைகளைக் கலந்து செய்தது) ஒப்பிட்டால் லீவரைத் தொட்டதுமே வித்தியாசம் தெரியும். மழையில் இன்னும் நன்றாகத் தெரியும். நவம்பர் மழையில் ஆர்கானிக் பேட் முதல் ஒரு நொடி பிடிக்கவா வேண்டாமா என்று யோசிக்கும், சின்டர்டு யோசிக்காது.

குறையும் உண்டு. டிஸ்க்கைக் கொஞ்சம் வேகமாகத் தின்னும், சில சமயம் கீச்சிடும். எல்லாவற்றையும் விட, ஏபிஎஸ் இல்லாத வண்டியில் இந்தக் கூர்மை இரண்டு பக்கமும் வெட்டும். ஈசிஆரில் கடற்கரை மணல் படிந்த இடத்தில் பழைய கைப்பழக்கத்தில் லீவரை இழுத்தேன். முன் சக்கரம் ஒரு கணம் பூட்டிக்கொண்டது. விழவில்லை. அன்று மாலை வரை கை நடுங்கியது. புது பேட் போட்டால் முதல் இருநூறு முந்நூறு கிலோமீட்டருக்கு அவசரப்படாமல், நடுத்தர வேகத்திலிருந்து மெதுவாகக் குறைத்துக் குறைத்து டிஸ்க்கோடு பழக்குங்கள். விரலும் அதற்குள் பழகிவிடும்.

பேடுக்கு நேர்ப் போட்டி ஸ்டீல் பின்னல் ஓஸ். காசு இருப்பவர்கள் முதலில் இதைத்தான் வாங்குகிறார்கள், கண்ணுக்குத் தெரிகிறதல்லவா. இது ப்ரேக்குக்குப் பலம் சேர்க்கும் என்பது பாதிப் பொய். ரப்பர் ஓஸ் அழுத்தத்தில் லேசாக உப்பும். ஸ்டீல் பின்னல் போட்ட டெஃப்லான் குழாய் அவ்வளவாக உப்பாது. விரல் கொடுக்கும் தள்ளல் வீணாகாமல் காலிப்பருக்குப் போகும், லீவர் கெட்டியாகும். ஆக, பஞ்சு லீவருக்கு மருந்து இது. பலக் குறைவுக்கு அல்ல. இன்னொரு விஷயம்: ஏபிஎஸ் இல்லாத நிஞ்ஜாவில் முன்னால் இருப்பது ஒரே ஒரு ஓஸ்தான். புது ரப்பரோடு ஒப்பிட்டால் வித்தியாசம் விளம்பரத்தில் சொல்கிற அளவு இருக்காது. பத்து வருடப் பழைய ரப்பரோடு ஒப்பிட்டால் வேறு வண்டி ஓட்டுவது போல இருக்கும். கவாசாகி கையேடே ரப்பர் ஓஸை நான்கு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறது. மாற்ற வேண்டிய நேரம் வந்திருந்தால் ஸ்டீலாகவே போடுங்கள், வராவிட்டால் பேட்தான் முதலில்.

ஓஸ் போடும்போது ஒரு கடையில் நடந்தது. வண்டி ஸ்டாண்டில் நிற்க, முன் சக்கரம் தரையில் இருக்க, அளவெடுத்துக் கச்சிதமாகப் பொருத்திக் கொடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து பேடாக் ஸ்டாண்டில் முன்பக்கத்தைத் தூக்கினேன். முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் முழுதாக நீண்டு தொங்கியதும் ஓஸ் வீணைத் தந்தி மாதிரி விறைத்து நின்றது. ஹேண்டிலை இடப்பக்கம் ஒடித்தால் ஓஸை மாட்டியிருக்கும் பேன்ஜோ போல்ட்டையே இழுத்தது. வேகத்தடையில் முன் சக்கரம் ஒருமுறை துள்ளியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே பிடிக்கவில்லை. சக்கரம் தொங்கும் நிலையில், ஹேண்டிலை இருபக்கமும் முழுதாக ஒடித்துப் பார்த்த பிறகே அளவை முடிவு செய்யச் சொல்லுங்கள். செம்பு வாஷரும் புதிதாகவே இருக்கட்டும்.

அப்புறம் ரேடியல் மாஸ்டர் சிலிண்டர், அதாவது லீவரை இழுக்கும் திசையிலேயே பிஸ்டன் நகரும் வகை. இங்கேதான் நிறையப் பேர் காசு கொடுத்து ப்ரேக்கைக் கெடுத்துக்கொள்கிறார்கள். எல்லோரும் ஆசைப்படுவது பிரெம்போ 19 ஆர்சிஎஸ். நல்ல சாமான்தான். லீவர் விகிதத்தை 18, 20 என்று மாற்றிக்கொள்ளலாம் (லீவரின் அச்சுக்கும் அது பிஸ்டனைத் தள்ளும் இடத்துக்கும் உள்ள தூரம், மி.மீ. கணக்கில்). ஆனால் அந்த 19 மி.மீ. துளை இரட்டை டிஸ்க் வண்டிகளுக்கானது. ஒற்றை டிஸ்க் வண்டிகளில் பெரும்பாலும் 11 முதல் 14 மி.மீ. வரைதான் இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 14-இலிருந்து 19-க்குப் போனால் பிஸ்டன் பரப்பு 1.84 மடங்கு. விரலின் பலமும் லீவர் விகிதமும் மாறாவிட்டால் ஓஸுக்குள் உண்டாகும் அழுத்தம் பாதியை ஒட்டிக் குறைந்துவிடும். லீவர் கல் மாதிரி இருக்கும், "ஆகா, என்ன கெட்டி!" என்று தோன்றும், வண்டி நிற்காது. ஆசை அடங்கவில்லையென்றால் அதே வரிசையில் 15 ஆர்சிஎஸ் இருக்கிறது. அதில் விரலுக்குக் கிடைக்கும் துல்லியம் உண்மையிலேயே அருமை. நண்பர் ஒருவரின் வண்டியில் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். விலை ஐந்திலக்கம். பாதி விலைக்குக் கிடைத்தால் அது அசல் அல்ல.

கடைசியாகப் பெரிய டிஸ்க், நாலு பிஸ்டன் காலிப்பர், முழு ஃபோர்க்கையே மாற்றுவது. 290-இலிருந்து 320 மி.மீ.க்குப் போனால் கூடுதலாகக் கிடைக்கும் பிடி பத்துப் பன்னிரண்டு சதவீதம். ஜி-இலிருந்து ஹெச் பேடுக்கு மாறினாலே கிட்டத்தட்ட அவ்வளவு கிடைத்துவிடும், பிராக்கெட் கடைசல் வேலை எதுவும் இல்லாமல். பெரிய டிஸ்க் சூட்டை நன்றாகத் தாங்கும் என்பது உண்மை. இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் சுற்றுக்கு மேல் சுற்று ஓட்டுகிறவருக்கு அது வேண்டும். பிஸ்டன் எண்ணிக்கை ஒரு கணக்கே இல்லை, மொத்தப் பரப்புதான் கணக்கு. பரப்பு கூடினால் பழைய மாஸ்டர் சிலிண்டருக்கு லீவர் இன்னும் உள்ளே போகும், பிறகு அதையும் மாற்று என்று வரிசையாக இழுக்கும். ஃபோர்க் மாற்றம், வண்டியின் அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்தும் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவிலும் போய் மாட்டும்; விபத்தென்றால் காப்பீட்டுக்காரரிடம் பதில் சொல்ல வேண்டும். இவ்வளவும் செய்தாலும் ரோட்டைப் பிடிப்பது அந்த 110/70-17 டயர்தான். அது தேய்ந்திருந்தால் மற்றதெல்லாம் அலங்காரம்.

என் வண்டியில் இப்போது இருப்பது புது டாட் 4, டபுள் ஹெச் பேட், ஸ்டீல் ஓஸ். காலிப்பரைப் பிரித்துச் சறுக்கும் ஊசிகளைத் துடைத்து கிரீஸ் வைத்தேன். அதற்குச் செலவே இல்லை, பலன் மட்டும் பேடுக்குச் சமம். மாஸ்டர் சிலிண்டர் பழையதே.

போன மாதம் மறுபடி கொல்லிமலை. இந்த முறை முப்பதாவது வளைவுக்கருகில் நின்றுவிட்டது நண்பனின் ஆர்சி 390. லீவர் மெத்தென்று உள்ளே போகிறதாம். மூடியைக் கழற்றிப் பார்த்தோம். கடுங்காப்பி.